ரயில் பாதுகாப்புக் காணொளிப் போட்டி: பிள்ளைகள் எதை, எங்கே நின்று படம் பிடிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கொழும்பு வெள்ளவத்தைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் ஊடகக் கழகம் ரயில் பாதுகாப்பு பற்றிய மாணவர் காணொளிப் போட்டியில் சேரப் போகிறது. நீளம் 2 நிமிடம், கையில் 3 வாரம், தரம் 10, 11 பிள்ளைகள் ஆறு பேர், இரண்டு போன். காதில் ஹெட்செட் போட்ட மாணவன் தண்டவாளத்தில் நடக்கிறான், பின்னால் ரயில் வருகிறது, கடைசிக் காட்சியில் வெள்ளைத் துணி. பிள்ளைகள் யோசித்த கதை இது. பொறுப்பாசிரியை இதை எடுக்கலாமா என்று கேட்கிறார்.

எடுக்க வேண்டாம். பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அக்கறை இருப்பதால்தான் இப்படி யோசித்திருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கதையில் மூன்று பிழைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று உயிரோடு விளையாடுவது.

முதலாவது, தண்டவாளத்தில் நடப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். சீருடைப் பிள்ளையைத் தண்டவாளத்தில் நிறுத்தி எடுத்த படம், குற்றத்தைச் செய்துவிட்டு “இதைச் செய்யாதீர்கள்” என்று சொல்லும் படம். விபரம் தெரிந்த நடுவர்கள் அந்தக் காட்சியோடு படத்தை ஒதுக்கிவிடுவார்கள். ரயில் பாதுகாப்புப் பிரசாரத்துக்கென்று 1972இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிய ஒப்பரேஷன் லைஃப்சேவர் போன்ற அமைப்புகள், தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கக்கூடாது என்று வலியுறுத்துகின்றன. எச்சரிக்கை வசனம் மறந்து போகும், அங்கே ஒருவன் நின்ற படம் மனதில் தங்கிவிடும்.

இரண்டாவது, வெள்ளைத் துணி. பதினைந்து வயதுப் பிள்ளை சாவுக் காட்சியைப் பார்த்தால், “அவன் கவனமில்லாதவன், நான் அப்படியில்லை” என்று தன்னை விலக்கிக்கொள்ளும். அதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. தண்டவாளத்தில் தனியாக ஒருவன், பிறகு ரயில், பிறகு மரணம் என்ற வரிசையை மனம் நொந்திருக்கும் ஒரு பிள்ளை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம். அதனால் மோதும் கணம், இரத்தம், உடல், அழுகின்ற தாய் எதுவும் வேண்டாம். பள்ளி மண்டபத்தில் திரையிடும்போது தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அறிவித்தலில் ஒரு வரியாகச் சேர்ப்பதும் நல்லது.

மூன்றாவது, படப்பிடிப்பே ஆபத்து. போன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது. “இன்னும் கொஞ்சம் பின்னால் போ” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பார்க்காமல் பின்னடி வைப்பார். கடற்கரைப் பாதையில் இரட்டைத் தண்டவாளம். ஒன்றிலிருந்து விலகிப் பின்னால் போனவரின் கால் மற்றதில் இருக்கும்.

ஆகவே இந்தப் படத்துக்கு ஒரேயொரு கட்டளை: கமரா எந்த நேரத்திலும் தண்டவாள எல்லைக்குள் போகாது. மற்றதெல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். நெருக்கமாகத் தோன்றினாலும் இதற்குள்ளேயே நல்ல படம் எடுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது.

ஒரு இடம், ஒரு பழக்கம்

“ரயில் பாதுகாப்பு” என்ற தலைப்பு 2 நிமிடத்துக்குப் பெரிது. மிதிபலகை, செல்ஃபி, கடவை, ஓடிப்போய் ஏறுவது எல்லாவற்றையும் அடுக்கினால் ஒன்றுமே பதியாது. பிள்ளைகள் தாங்களே செய்கின்ற ஒரு பழக்கத்தை, தாங்களே நடக்கின்ற ஒரு இடத்தில் வைத்துச் சொல்லவேண்டும்.

கொழும்பில் தெரிவுக்குக் குறைவில்லை. கொள்ளுப்பிட்டி முதல் தெஹிவளை வரை கடலோரத்தில் தண்டவாளத்தையே நடைபாதையாக்கி நடப்பவர்கள் இருக்கிறார்கள். கற்பாறையில் உட்கார, குளிக்க, படம் எடுக்க என்று தண்டவாளத்தைத் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கல்கிசையில் கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்கத்தான் வேண்டும். களனிவெளிப் பாதையில் நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை என்று ஊருக்கு நடுவே ரயில் ஓடுகிறது, அங்கே பிரச்சினை கடவையில் காத்திருக்கப் பொறுமையில்லாமை. கோட்டையிலும் மருதானையிலும் மேம்பாலத்தைச் சுற்றிப் போக மனமில்லாமல் மேடையிலிருந்து தண்டவாளத்துக்கு இறங்குகிறவர்கள், வண்டி அசைந்த பிறகு ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்கிறவர்கள். காலை 7 மணிக்கு மிதிபலகையில் தொங்கும் சீருடைகள் எல்லாப் பாதையிலும் உண்டு.

வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு முதலாவதே பொருத்தம் என்பது என் கருத்து. டியூஷன் முடிந்து “இதால போனா கிட்ட” என்று தண்டவாளத்தில் இறங்கும் பழக்கம் அவர்களுக்குத் தெரிந்தது. மரைன் டிரைவ் வீதி ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் மாற்று வழியையும் அதே சட்டகத்துக்குள் காட்டலாம். ஒரு பழக்கத்தைக் கண்டிக்கும் படம் அதற்குப் பதில் என்ன செய்வது என்பதையும் காட்டாவிட்டால் பாதிப் படம்தான்.

ஏன் தப்ப முடிவதில்லை: படத்தின் நடுப்பகுதி இதுதான்

ரயில் ஆபத்தானது என்பது எல்லோருக்கும் தெரியும். “வந்தால் கேட்கும், கண்டால் விலகலாம்” என்று எல்லோரும் நம்புவதுதான் சிக்கல். அந்த நம்பிக்கை ஏன் பிழை என்று காட்டினால் படம் நிற்கும்.

முதலில் கண். பெரிய பொருள் ஒன்று தூரத்திலிருந்து வரும்போது அது மெதுவாக வருவதாகவே தோன்றும். அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985இல் ரயில் கடவை விபத்துகளை வைத்தே இதை விளக்கினார். கணக்கு எளிது. ரயிலின் முகப்பு ஏறத்தாழ 3 மீற்றர் அகலம் என்று வைப்போம். கண்ணிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்த அடிமட்டத்தில் பார்த்தால், 600 மீற்றர் தூரத்தில் அந்த முகப்பு 3 மில்லிமீற்றர்தான். 300 மீற்றரில் 6 மில்லிமீற்றர், ஒரு அரிசிமணி அளவு. மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வண்டி இந்த 300 மீற்றரைக் கடக்க 18 செக்கன் எடுக்கும். அந்த 18 செக்கனிலும் அது வளர்ந்தது வெறும் 3 மில்லிமீற்றர். 100 மீற்றரில் 18 மில்லிமீற்றர், 50 மீற்றரில் 36. இந்தக் கடைசி இரட்டிப்புக்கு ஆகும் நேரம் 3 செக்கன். கண் விழித்துக்கொள்வது அப்போதுதான்.

இதை எடுக்க ரயிலே தேவையில்லை. ஒரு மாணவி கையை நீட்டி ஒரு அட்டையைப் பிடிக்கட்டும். அட்டையில் 3, 6, 18, 36 மில்லிமீற்றர் அகலமான நான்கு கறுப்புக் கட்டங்கள். பக்கத்தில் கடிகாரம். முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதுக்குப் போக 18 செக்கன், மூன்றாவதுக்கு 12, நான்காவதுக்கு 3. முதல் இரண்டு இடைவெளியையும் படத்தொகுப்பில் சுருக்கி, கடைசி 3 செக்கனை மட்டும் நிஜ நேரத்தில் விடுங்கள்.

அடுத்தது காது. ரயிலின் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பெரிது, எதிரே நிற்பவருக்கு வந்து சேர்வது குறைவு. நிலையத்தை நெருங்கும்போது சாரதி விசையைக் குறைத்துவிட்டால் பவர் செட் வண்டி (இஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொகுதியாக உள்ள வண்டி) உருண்டுகொண்டு வரும், இஞ்சின் இரைச்சல் தணிந்துவிடும். கடலோரத்தில் அலை வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் வடக்கே பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வரும் வண்டியின் சத்தம் காற்றுக்கு எதிராக வரவேண்டும். காற்றுக்கு எதிராகப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுவதால் தரையில் நிற்பவருக்குப் பிந்தித்தான் கேட்கும். தெற்கே தெஹிவளைப் பக்கமிருந்து வருவது கேட்டு விலகிப் பழகிய ஒருவர், மறுபக்கத்து வண்டிக்கும் அதே அவகாசம் கிடைக்கும் என்று எண்ணுவது இங்கேதான் பிழைக்கிறது. ஹெட்செட் இதற்கெல்லாம் மேலே.

மூன்றாவது பிரேக். உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் ஓடுவதால் பிடிப்புக் குறைவு, மழையில் இன்னும் குறைவு. அவசர பிரேக்கில் வண்டியின் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் 0.7 மீற்றர் வீதம் குறைகிறது என்று எடுத்தால், 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 200 மீற்றர். சாரதி கண்டு கை வைத்து, பிரேக் எல்லாப் பெட்டிக்கும் பரவப் போகும் 3 செக்கனுக்கு 50 மீற்றர். மொத்தம் 250. 80 கிலோமீற்றர் என்றால் 420 மீற்றரைத் தொடும். வெற்றிடப் பிரேக் உள்ள பழைய பெட்டிகளில் கடைசிப் பெட்டி வரை பிடிக்க இன்னும் தாமதிக்கும். சாரதிக்குத் திருப்புவதற்குச் சுக்கானும் இல்லை. இந்த எண்களைப் படத்தில் போடும்போது “ஏறக்குறைய” என்ற சொல் கட்டாயம் இருக்கவேண்டும். வண்டியின் எடை, பெட்டிகளின் தொகை, மழை, சரிவு எல்லாம் கணக்கை மாற்றும்.

நான்காவது அகலம். பிள்ளைகளுக்குத் தெரியாததும் கண்ணால் பார்த்தவுடன் விளங்குவதும் இதுதான், அதனால் படத்தின் மையக் காட்சியை இதில் வைக்கச் சொல்வேன். பாடசாலை மைதானத்தில் அளவுநாடாவும் வெண்கட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அடி. அந்த இடைவெளியில் இரண்டு கோடுகள், 10 மீற்றர் நீளத்துக்கு. ஒரு மாணவனை “தண்டவாளத்துக்கு வெளியே, பாதுகாப்பாக” என்று அவனுக்குத் தோன்றும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். காரணத்தை முன்கூட்டிச் சொல்லவேண்டாம். பெரும்பாலும் கோட்டிலிருந்து ஒரு எட்டுத் தள்ளித்தான் நிற்பார்கள். பிறகு 3 மீற்றர் நீளமான மூங்கிலையோ குழாயையோ இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து, நடுவைத் தண்டவாளத்தின் நடுவுக்கு நேராக வைத்து, இடுப்பு உயரத்தில் மெதுவாக நடந்து வரட்டும். குழாய் ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே 66 சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கும். அது நின்றவனின் சட்டைப் பொத்தானைத் தொட்டு நிற்கும் கணத்தை நெருக்கமாக எடுங்கள். அவன் முகத்தில் வருவது நடிப்பாக இராது. அடுத்து அதே குழாயின் முனையில் புத்தகம் நிறைந்த பாடசாலைப் பையைத் தொங்கவிடுங்கள். மிதிபலகையில் உள்ளே பார்த்து நிற்பவனின் பை வெளியேதான் இருக்கும், 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரை. இப்போது குழாய் இன்னும் தள்ளி நிற்பவரையும் தொடும். இதற்கு வசனம் வேண்டாம்.

கடப்பதற்கான நேரமும் இதே மைதானத்தில் காட்டலாம். இரட்டைப் பாதையை, இரு புறமும் 2 மீற்றர் தள்ளி நின்று தொடங்கி முடிக்க ஏறக்குறைய 10 மீற்றர். சாதாரண நடையில் 8 செக்கனுக்கு மேல். அந்த நேரத்தில் 60 கிலோமீற்றர் வேக வண்டி 140 மீற்றர் வந்துவிடும். கருங்கல் சரளையில், ரப்பர் செருப்போடு, இரண்டு தடவை கால் பிரண்டால் எவ்வளவு என்று பிள்ளைகளே அளக்கட்டும்.

இன்னொரு பிழைக் கணிப்பையும் ஒரு வரியில் சொல்லுங்கள். தினமும் நிலையத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லா வண்டியும் வேகம் குறைத்து வரும் என்று நினைக்கிறார்கள். தூர இடங்களுக்குப் போகும் கடுகதி வண்டிகள் சிறிய நிலையங்களை நிற்காமல் கடக்கும். இரட்டைப் பாதையில் ஒரு வண்டி போய் முடிந்ததும் இறங்குகிறவர்களை அடிப்பது, முதல் வண்டி மறைத்துக்கொண்டிருந்த இரண்டாவது வண்டி.

படப்பிடிப்பு நாள்

அனுமதி முதலில். அதிபரின் கையொப்பத்தோடு பாடசாலைக் கடிதத் தாளில் புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளருக்கு எழுதுங்கள், தலைமையகம் மருதானையில். எந்த நிலையம், எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, எத்தனை மாணவர், கூட வரும் பெரியவர்கள் யார், என்ன கருவி, எந்தப் போட்டி என்று எல்லாம் ஒரே பக்கத்தில். சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்தால் காரியம் சுறுக்காக நடக்கும். மூன்று வாரம்தான் இருப்பதால் இன்றைக்கே கொடுக்கவேண்டும். பதில் வரும்வரை மைதானக் காட்சிகளை எடுத்து முடிக்கலாம். அனுமதி வராவிட்டாலும் படம் நிற்காத மாதிரிக் கதையை அமைப்பதுதான் புத்தி. அனுமதி கிடைத்தால் அன்று போனவுடன் நிலைய அதிபரைச் சந்தித்து, அவர் காட்டுகிற இடத்தில் மட்டும் நில்லுங்கள். ட்ரோன் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள்: சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் வேறு, கொழும்பில் பாதுகாப்பு வலயங்கள் வேறு.

நிற்கக்கூடிய இடங்கள்: மரைன் டிரைவின் நடைபாதை, மேடையில் விளிம்புக் கோட்டுக்குப் பின்னால், நிலைய மேம்பாலம், கடவைத் தடுப்புக்கு வெளியே, ஓடும் வண்டிக்குள் இருக்கையில் அமர்ந்தபடி. வண்டிக் கதவோரம் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே கையோ போனோ நீட்டக்கூடாது.

ஆறு பேரில் ஒருவருக்குப் படத்தில் எந்த வேலையும் கொடுக்காமல் காவலுக்கு நிறுத்துங்கள். கூடவே ஒரு பெரியவர். காவலரின் கையில் போன் இருக்கக்கூடாது, அவர் “நில்” என்றால் நடுக்காட்சி என்றாலும் நிற்கவேண்டும். முக்காலி வைத்தே எடுங்கள், கையில் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து எடுப்பது முற்றாகத் தடை. நேர அட்டவணையை நம்பி “இப்போது வண்டி இல்லை” என்று எவரும் முடிவெடுக்கக்கூடாது. தாமதமான வண்டி, எண்ணெய்த் தாங்கி வண்டி, விசேட வண்டி எதுவும் எந்த நேரத்திலும் வரலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிவப்பும் பச்சையும் ரயில்வேயில் கைச்சமிக்ஞை நிறங்கள். சிவப்புச் சால்வை, சிவப்புக் குடை, பச்சைக் கொடி எதையும் பாதையருகே ஆட்டக்கூடாது, சாரதி அதைச் சமிக்ஞையாக எடுத்துக்கொள்ளலாம். இருட்டிய பின் போனின் ஃபிளாஷை வண்டியை நோக்கி அடிப்பதும் கூடாது. உடை விடயத்தில் செருப்பு வேண்டாம், எல்லோரும் சப்பாத்து.

ஒளிக்கு, கடலோரத்தில் காலை 6.30 முதல் 9 மணி வரை சிறப்பு. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நகரப் பக்கமிருந்து வரும், வண்டியின் பக்கவாட்டு நிறம் தெளிவாக விழும். பிற்பகல் 3க்குப் பிறகு சூரியன் கடலுக்கு மேலே, வண்டி வெறும் கரும் நிழல். பாடசாலை நாள் காலை நெரிசலில் போகவேண்டாம், சனிக்கிழமை போங்கள். கடற்காற்றில் உப்புப் படலம் வில்லையில் படியும். அரைமணிக்கொரு தடவை மென்துணியால் துடைக்காவிட்டால் படம் முழுக்கப் பால்போல மங்கும், சின்னத் திரையில் அது தெரியாது, வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

ஸூம் செய்து எடுத்தால் தூரம் சுருங்கும், வண்டி ஆளுக்குப் பின்னாலேயே நிற்பதுபோல் தெரியும். இது ஏமாற்று. நடைபாதையில் பத்திரமாக நிற்பவன்கூடத் தண்டவாளத்தில் நிற்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றிவிடும், பிறகு நடுவருக்கு விளக்கம் சொல்ல முடியாது. போனின் சாதாரண 1 மடங்கு வில்லையில் எடுங்கள், தடுப்போ நடைபாதை விளிம்போ சட்டகத்துக்குள் தெரியட்டும். நிலையக் குழல் விளக்குகளின் கீழ் படம் துடித்தால், செக்கனுக்கு 25 சட்டகம், ஷட்டர் 50இல் ஒன்று என்று மாற்றுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், போன் வழமையாக 30 சட்டகத்தில் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாது.

ஒலியை அங்கே பேசிப் பதிய முயலவேண்டாம். காற்று மைக்கை அடித்துவிடும். வண்டியின் சத்தத்தையும் ஹோர்னையும் மேடையின் கோட்டுக்குப் பின்னால் நின்று தனியாகப் பதியுங்கள், மைக்கின் மேல் பஞ்சோ கம்பளித் துண்டோ சுற்றி. வசனத்தைத் துணி நிறைந்த அலுமாரிக்கு முன்னால் அல்லது தடித்த போர்வைக்குக் கீழே உட்கார்ந்து பதியலாம், எதிரொலி அடங்கிவிடும்.

கதையும் வசனமும்

கதை எளிதாக இருக்கட்டும். டியூஷன் முடிந்து இரண்டு நண்பர்கள். ஒருவன், “வா மச்சான், இதால போனா கிட்ட.” மற்றவன் தண்டவாளத்தைப் பார்க்கிறான், நேரத்தைப் பார்க்கிறான். அந்த இடத்தில் வெட்டி மைதானத்துக்குப் போங்கள்: அட்டை, குழாய், பை. திரும்ப வரும்போது இருவரும் மரைன் டிரைவ் நடைபாதையில் நடக்கிறார்கள். பக்கத்தில் வண்டி சத்தமாகக் கடந்து போகிறது, அதன் காற்றில் சட்டை படபடக்கிறது. வீட்டு வாசலில் நேரத்தைப் பார்க்கிறான்: நாலு நிமிடம் பிந்தியிருக்கிறது. அம்மா “ஏன் லேட்?” என்று கேட்கிறார். அங்கே முடிக்கலாம். உண்மையில் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதைத் தண்டவாளத்தில் நடந்து அளக்கவேண்டாம், வரைபடத்தில் தூரம் எடுத்துக் கணக்கிடுங்கள்.

வசனம் 2 நிமிடத்துக்கு 150 சொல்லைத் தாண்டக்கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதற்கு மேல் போனால் வாசிப்பவர் ஓடத்தொடங்குவார். “விழிப்புணர்வுடன் செயற்பட்டு விபத்துகளைத் தவிர்ப்போம்” போன்ற வரிகளை வெட்டுங்கள், யாருடைய காதிலும் அது விழுவதில்லை. “ஒரு வண்டி போய்விட்டது. மற்றது இன்னும் போகவில்லை” என்பது விழும்.

சிங்கள எழுத்து வரிகள் கட்டாயம். அந்தப் பாதையில் நடக்கின்ற எல்லோரும் தமிழ் பேசுபவர்கள் அல்லர், கொழும்பு நடுவர்களும் அப்படித்தான். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு ஐந்தாறு சொல், குறைந்தது 2 செக்கன். சில தொகுப்புச் செயலிகளில் தமிழ் எழுத்து உடையும்: “கொ” என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும், “ஸ்ரீ” துண்டு துண்டாகும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகவே வரும். யுனிகோட்டில் தட்டி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் உடைந்தால் கணினியில் எழுத்து வரிகளைப் படமாகச் செய்து மேலே ஒட்டுவதே வழி.

இணையத்தில் கிடைக்கும் இந்திய, வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து எழுதும்போது தகவல் பிழை நுழையும். இங்கே மின்சார ரயில் இல்லை, எல்லாம் டீசல். ஆகவே 25,000 வோல்ட் மின்கம்பி பற்றிய எச்சரிக்கை நம் பாதைக்குப் பொருந்தாது. கடவையைச் சேர்ப்பதானால் மூன்று வகையும் நினைவிலிருக்கட்டும்: தடுப்பும் காவலாளரும் உள்ளவை, மணியும் விளக்கும் மட்டும் உள்ளவை, எதுவுமே இல்லாத பாதுகாப்பற்ற கடவைகள். மணி அடித்துக்கொண்டிருக்கும்வரை, வண்டி ஒன்று போய்விட்டாலும், கடக்கக்கூடாது. 2005 ஏப்ரல் 27இல் பொல்கஹவெலைக்கு அருகே யாங்கல்மோதரக் கடவையில் பயணிகள் பஸ் மீது ரயில் மோதி 35க்கும் மேற்பட்டோர் இறந்ததை ஒரு வரியாகக் குறிப்பிடலாம், படங்களைப் போடக்கூடாது. அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. சிசிடிவி விபத்துக் காட்சிகளுக்கும் இதே விதிதான்.

மிச்சம் நிர்வாக வேலை. நடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மேடையில் நிற்கும் பொதுமக்களின் முகம் அடையாளம் தெரியாத கோணத்தில் இருக்கட்டும். சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைப் பிரச்சினையில் படம் முடங்கும். கழகத்தில் மிருதங்கம் வாசிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு நிமிடத் தனி வாசிப்புப் போதும். ஏற்றுமதி 1920க்கு 1080, செக்கனுக்கு 25 சட்டகம், 12 மெகாபிட் என்றால் 2 நிமிடக் கோப்பு 180 மெகாபைட் வரும். போட்டியில் 100 மெகாபைட் எல்லை இருந்தால் 6 மெகாபிட்டுக்கு இறக்குங்கள், 90இல் நிற்கும். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பழைய போனில், சத்தத்தை அணைத்துப் பாருங்கள். சத்தமில்லாமலும் கதை விளங்கவேண்டும், பஸ்ஸில் இருந்து பார்ப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

புறப்படுமுன் பிள்ளைகளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். மேடையிலிருந்து போன் வழுக்கித் தண்டவாளத்துக்குள் விழுந்தால், முழுப்படமும் அதற்குள்தான் இருந்தாலும், எவரும் இறங்கக்கூடாது. விழுந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு நிலைய அதிபரிடம் சொல்லவேண்டும், எடுக்கச் செய்வது அவர் பொறுப்பு. அதற்காகவே ஒவ்வொரு காட்சித் தொகுதியும் முடிந்ததும் அங்கேயே மற்றப் போனுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். அப்போது கீழே கிடப்பது வெறும் போன்.